அரியமங்கலத்தில் விழுந்த பந்து

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பால்பண்ணை தாண்டியதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், யாரும் சொல்லாமலே கண்ணாடியை இழுத்து மூடுவார். தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து கைக்குட்டையைத் தேடுவார். 'அரியமங்கலம் வந்துருச்சு' என்று கண்டக்டர் கூவ வேண்டிய அவசியமே இருக்காது. மூக்கு சொல்லிவிடும்.

47 ஏக்கருக்கும் மேலான குப்பைக் கிடங்கு அது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக திருச்சி மாநகரம் தின்றது, உடுத்தியது, உடைத்தது எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. 47 ஏக்கர் என்றால் எவ்வளவு என்று சட்டென்று பிடிபடாது. எனக்குத் தெரிந்த அளவுகோலில் சொல்கிறேன். ஆட்டக்காரர் ஓடுவதற்குச் சுற்றிலும் இடம் விட்டு டென்னிஸ் கோர்ட் போட்டால், அங்கே சுமார் 280 கோர்ட் போடலாம். விம்பிள்டன் போட்டிகள் நடக்கிற கோர்ட்டுகளே 18தான்.

குப்பைமேட்டுக்கும் டென்னிஸுக்கும் என்னய்யா சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

நான் டென்னிஸ் பைத்தியம். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் லியாண்டர் பயஸ் வெண்கலம் வாங்கியபோது பிடித்த பைத்தியம். காசு கொடுத்து மட்டை வாங்க வசதியில்லாத காலத்தில், பக்கத்து கிளப் சுவருக்கு வெளியே நின்று, தாண்டி வந்து விழுகிற பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடிய கூட்டத்தில் நானும் ஒருவன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. முழங்கால் முனகுகிறது. ஆனாலும் சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு கோர்ட்டில் இருப்பேன். புது டப்பாவைத் திறக்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதோடு ரப்பரும் கம்பளியும் கலந்த ஒரு வாசனை. சிலருக்கு ஃபில்டர் காபி, எனக்கு அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கீழே நான் திட்டப்போகிற ஆட்களின் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அது பின்னால் தெரியவந்து, 'நீ மட்டும் யோக்கியமா?' என்று நீங்கள் கேட்கக் கூடாது அல்லவா?

* * *

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூன் 5. உலகச் சுற்றுச்சூழல் தினம். நான் ஆடுகிற கிளப்பில் விழா எடுத்தார்கள். ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் கொடுத்து, பூமியைக் காப்பது பற்றிப் பேசினார்கள். பத்திரிகைக்காரன் என்பதால் என்னையும் பேசச் சொன்னார்கள். பேசினேன். மரக்கன்று நட்டோம். போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அன்றைக்குத்தான் ஒரு பெரிய டிரம் வைத்தார்கள். பச்சை பெயின்ட் அடித்து, மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்துகிற அந்த மறுசுழற்சிச் சின்னம் வரைந்திருந்தது. 'பழைய பந்துகளை இதில் போடவும்.' எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. விளையாட்டும் ஆச்சு, சுற்றுச்சூழலும் ஆச்சு. ஒவ்வொரு வாரமும் உயிர் போன பந்துகளை அதில் போட்டுவிட்டு, ஏதோ அன்னதானம் செய்தவன் மாதிரி வீட்டுக்குப் போவேன்.

மூன்று மாதம் கழித்து டிரம் காலியாக இருந்தது. மார்க்கரிடம் கேட்டேன். "அண்ணே, பந்தெல்லாம் எங்க அனுப்பினாங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "எங்க சார் அனுப்புறது? நல்லா இருக்குறதை நம்ம தெருப் பசங்களுக்குப் பொறுக்கிக் கொடுத்துட்டேன். பஞ்சு போனதெல்லாம் குப்பை வண்டியிலதான் போச்சு."

அதாவது, மரக்கன்று நட்டு, பேசி, கைதட்டு வாங்கி, பச்சை டிரம்மில் பக்தியோடு போட்ட பந்து, கடைசியில் எல்லாக் குப்பையோடும் சேர்ந்து குப்பையாகத்தான் போயிருக்கிறது. நடுவில் ஒரு டிரம்மில் மூன்று மாதம் தங்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

விடுவேனா? வீட்டில் கிடந்த இருபது முப்பது பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பையைக் கொட்டிப் பார்த்தார். "சார், டப்பா இருக்கா? கொடுங்க, எடுத்துக்கறேன். தகர மூடி இருக்கா? அதையும் கொடுங்க. பந்து மட்டும் வேணாம் சார். இதை யாரும் வாங்க மாட்டாங்க."

என் இத்தனை வருஷத்து சுற்றுச்சூழல் ஞானத்தை விட, அந்த ஒரு வரியில் விஷயம் அதிகம்.

* * *

ஏன் யாரும் வாங்க மாட்டார்கள்? பந்தைக் கொஞ்சம் அறுத்துப் பார்ப்போம்.

58 கிராம் எடை. உள்ளே ரப்பர் உருண்டை, அதற்குள் அடைத்த காற்று. மேலே கம்பளியும் நைலானும் கலந்து நெய்த துணி, பசை வைத்து ஒட்டியது. ரப்பர் என்றால் மரத்திலிருந்து வருவதுதானே, மக்கிவிடாதா என்று கேட்காதீர்கள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய ரப்பர் அது. பிளாஸ்டிக் குடத்தை உருக்கி இன்னொரு குடம் பண்ணலாம். இதை உருக்க முடியாது. அரைக்கத்தான் வேண்டும். அரைப்பதற்கு முன்னால் துணியைப் பிய்க்க வேண்டும். துணியோ ஜென்மப் பகை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்து, அரைத்து விற்றால் கிடைக்கிற காசு, பிய்த்தவருக்குக் கூலி கொடுக்கப் போதாது. அதனால்தான் பழைய பேப்பர் கடைக்காரர் கையை விரிக்கிறார். அவர் அறமில்லாதவர் அல்ல. கணக்குத் தெரிந்தவர்.

இதன் பிறப்பைக் கேட்டால் இன்னும் மலைப்பாக இருக்கும். விம்பிள்டன் பந்து எங்கெங்கே சுற்றி வருகிறது என்று 2014-ல் இங்கிலாந்தின் வாரிக் பிசினஸ் ஸ்கூல் ஆராய்ச்சியாளர் மார்க் ஜான்சன் கணக்கெடுத்தார். நியூசிலாந்துக் கம்பளி, மலேசியா ரப்பர், அமெரிக்கக் களிமண், தென்கொரியக் கந்தகம், தாய்லாந்து துத்தநாக ஆக்சைடு எல்லாம் பிலிப்பைன்ஸ் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து லண்டன் போகிறது. கம்பளி நடுவில் துணியாக நெய்யப்படுவதற்கு இங்கிலாந்துக்கே ஒரு நடை போய்விட்டு வருகிறது! மொத்தப் பயணம் 50,000 மைலுக்கு மேல். பூமியை இரண்டு தடவை சுற்றிய தூரம்.

இவ்வளவு சுற்றி வந்த பந்து எவ்வளவு நேரம் ஆடுகிறது? விம்பிள்டனில் முதல் ஏழு கேம் முடிந்ததும் பந்துகளை மாற்றிவிடுவார்கள். அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒரு தடவை. ஒரு போட்டித் தொடருக்குச் சுமார் 55,000 பந்து. நம்ம கிளப்பில் அவ்வளவு ஊதாரித்தனம் இல்லை. நாலு பேர் டபுள்ஸ் ஆடினால் ஒரு டப்பா சில நாள் தாங்கும். அப்புறம் காற்று இறங்கி, தரையில் தட்டினால் கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்துவிடும்.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளை வாங்கினால் அதன் விலை, ஆயுள், கடைசியில் அதைக் கழித்துப்போடும்போது கிடைக்கிற ஸ்கிராப் வேல்யூ, இந்த மூன்றையும் வைத்து வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மதிப்பு பூஜ்யத்துக்கு வந்ததும் புத்தகத்திலிருந்து எழுதித் தள்ளிவிடலாம். எங்கள் பேராசிரியர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். எழுதித் தள்ளிய பொருள் எங்கே போகும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பரீட்சையிலும் வரவில்லை.

அது அரியமங்கலத்துக்குப் போகும் என்பதுதான் பதில்.

அதே பி.காமில் இன்னொரு பொன் விதியும் உண்டு. 'பெறுபவருக்குப் பற்று வை, கொடுப்பவருக்கு வரவு வை.' அரியமங்கலம் பெற்றுக்கொண்டே இருந்தது. பற்று ஏறிக்கொண்டே போனது. கொடுத்த நமக்கோ வரவு. 2016-ல் மத்திய அரசின் தூய்மை நகரப் பட்டியலில் திருச்சிக்கு இந்தியாவிலேயே மூன்றாவது இடம். 2017-ல் ஆறாவது இடம். நானும்தான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்தப் பெருமையில் உழைத்த தூய்மைப் பணியாளர்களுக்கு உண்மையான பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், நகரத்தின் தெருக்களுக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்கான கூலியை, கோடைக்குக் கோடை தீப்பிடித்து எரியும் மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களின் நுரையீரல் கட்டிக்கொண்டிருந்தது.

* * *

இங்கே நேர்மையாக ஒரு கணக்கையும் போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது கணக்குப் போட்டு என் மூக்கை உடைப்பார்கள்.

உலகம் முழுக்க வருஷத்துக்கு 30 கோடிக்கு மேல் டென்னிஸ் பந்து தயாராகிறது என்கிறார்கள். 30 கோடியை 58 கிராமால் பெருக்கினால் 17,400 டன். பயங்கரமாக இருக்கிறதா? பொறுங்கள். திருச்சி மாநகராட்சியில் மட்டும் ஒரு நாளைக்கு 400 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. 400 என்றே வைத்து வகுத்தால், உலகத்து டென்னிஸ் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு வருஷம் தேய்த்துப் போடுகிற பந்து, நம்ம ஊர் ஒன்றரை மாதக் குப்பைக்குக்கூட வராது. விம்பிள்டனின் 55,000 பந்துகளும் சேர்ந்து மூன்று டன் சொச்சம். அதை நாம் பன்னிரண்டு நிமிஷத்தில் சேர்த்துவிடுவோம்.

'அப்புறம் எதுக்குய்யா இந்த ஆட்டம்? பிளாஸ்டிக் கவரை விட்டுட்டு பந்தைப் பிடிச்சுக்கிட்டு...' என்று நீங்கள் கேட்பது கேட்கிறது.

சரியான கேள்வி. பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

உலகத்தில் திரும்பப் பெறுவதற்கு டென்னிஸ் பந்தைப் போல சுலபமான பொருள் இன்னொன்று இருக்க முடியாது. யோசித்துப் பாருங்கள். தயாரிப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். பந்தின் நெற்றியிலேயே அவர்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் கிளப், அகாடமி, போட்டி நடத்துபவர்கள். எல்லோருக்கும் முகவரி இருக்கிறது. பந்து எங்கே ஆடப்படுகிறதோ அங்கேயே செத்துப்போகிறது. சாம்பார் ஒட்டியிருக்காது. நாற்றம் கிடையாது. ஊசிப்போகாது. புதுப் பந்து கொண்டுவருகிற அதே வண்டி, திரும்பும்போது காலியாகத்தான் போகிறது.

படித்தவர்கள், காசு உள்ளவர்கள், ஜூன் 5 அன்று மைக் பிடிக்கிறவர்கள் ஆடுகிற ஆட்டம். இந்தப் பந்தையே நம்மால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, அவர்களால் திரும்ப வாங்க முடியவில்லை என்றால், பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டை, கோடிக்கணக்கான ஷாம்பூ சாஷேயை, குழந்தையின் டயப்பரை யார் எப்படித் திரும்ப வாங்கப் போகிறார்கள்? பந்து ஒரு சோதனை. மிகச் சுலபமான பரீட்சை. அதிலேயே நாம் ஃபெயில்.

* * *

'அதான் தெருப் பசங்க விளையாடுறாங்களே, அது மறுசுழற்சி இல்லையா?' என்று கேட்பீர்கள்.

அது உன்னதமான விஷயம். சந்தேகமே இல்லை. டென்னிஸ் ஆட்டத்துக்குச் செத்துப்போன பந்து தெருமுனையில் கிரிக்கெட் பந்தாக மறுபிறவி எடுக்கிறது. ஒரு சுவரில் கரிக்கட்டையால் மூன்று கோடு, ஒரு மட்டை, ஒரு டென்னிஸ் பந்து. இந்தியாவில் கோடிப் பேருக்குக் கிரிக்கெட் என்றால் அதுதான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரே சுற்றில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். மேல்தட்டு ஆட்டத்தின் பந்தை எடுத்து, கீழே இருக்கிறவன் எவ்வளவு உயரத்துக்கு வீசியிருக்கிறான் பாருங்கள்!

இங்கிலாந்துக்காரர்களும் அவர்கள் பங்குக்குச் செய்கிறார்கள். 2001-ல் விம்பிள்டனில் ஆடிய பந்துகளில் கொஞ்சத்தை, துளை போட்டு, கம்பில் மாட்டி, வயல்வெளிச் சுண்டெலிகளுக்கு வீடாகக் கொடுத்தார்கள். மொத்தம் 36 பந்து. அந்தச் செய்தி உலகம் பூராவும் வந்தது. போட்டோவும் அழகு. மீதி ஐம்பதாயிரத்துச் சொச்சம் பந்துகள் இருக்கின்றனவே, அத்தனைக்கும் எலிக்கு எங்கே போவது?

மறுபயன்பாடு நல்லது. ஆனால் அது கடனை அடைப்பது இல்லை, தவணையைத் தள்ளிப்போடுவது. தெருப் பையன் அடித்த சிக்ஸர் சாக்கடையில் விழுந்தால் அங்கிருந்து அதே குப்பை வண்டி. நாய்க்குட்டி கடித்துக் குதறினாலும் அதே வண்டி. நாற்காலிக் காலில் மாட்டினாலும் ஒருநாள் அதே வண்டி. பந்து தன் கடைசி முகவரியை மறப்பதே இல்லை.

ரப்பரை அரைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியாதா? முடியும். அமெரிக்காவில் 2016-ல் தொடங்கிய ரீசைக்கிள்பால்ஸ் என்ற அமைப்பு, கிளப்களில் பெட்டி வைத்துப் பந்துகளைச் சேகரிக்கிறது. துணியையும் ரப்பரையும் பிரித்து, ரப்பர் தூளை டென்னிஸ் கோர்ட் தரை போடுவதற்கே பயன்படுத்த வழி செய்திருக்கிறார்கள். பந்து தரையாகி, அந்தத் தரையில் புதுப் பந்து குதிக்கிறது. ஆக, தொழில்நுட்பம் இருக்கிறது. செலவை யார் ஏற்பது என்பதில்தான் தகராறு.

* * *

2020 ஜனவரி. ஆஸ்திரேலியாவில் காடு எரிந்துகொண்டிருந்தது. மெல்போர்ன் முழுக்கப் புகை. ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றில் ஸ்லோவேனியாவின் தலிலா யாகுபோவிச் முதல் செட்டை ஜெயித்துவிட்டு, இரண்டாவது செட்டில் இருமி, மூச்சு முட்டி, கோர்ட்டிலேயே முழங்கால் போட்டு விழுந்தார். ஆட்டத்திலிருந்து விலகினார். உலகமே கொதித்தது. இந்தப் புகையில் எப்படி ஆடச் சொல்லலாம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

நானும் டி.வி. முன்னால் உட்கார்ந்து உச்சுக்கொட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் வருஷா வருஷம் கோடையில் குப்பைமேடு எரிந்து, ரோடு மறைகிற மாதிரி புகை வந்து, வண்டிகள் பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கின்றன. அங்கே பள்ளிக்கூடம் போகிற குழந்தை 'ரிட்டையர்டு ஹர்ட்' என்று கையைத் தூக்கிவிட்டு வெளியேற முடியாது. அவளுக்கு அம்பயர் கிடையாது. மெடிக்கல் டைம்-அவுட் கிடையாது. அவள் வீடு அங்கே இருக்கிறது.

திருச்சிக்காரனை மட்டும் திட்டுவதாக மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதி அடைய வேண்டாம். உங்களுக்கும் ஒரு அரியமங்கலம் இருக்கிறது. சென்னைக்குக் கொடுங்கையூர், பெருங்குடி. கோவைக்கு வெள்ளலூர். மதுரைக்கு வெள்ளைக்கல். நெல்லைக்கு ராமையன்பட்டி. 2022 ஏப்ரலில் பெருங்குடி எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் எரிந்து, நகரமே நாள்கணக்கில் புகையில் கிடந்தது. 2024 ஏப்ரலில் வெள்ளலூர். ஊர் பெயர்தான் வேறு. எல்லா இடத்திலும் மேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர், அந்தக் குப்பையில் மிகக் குறைவாகப் போட்டவர்.

அரியமங்கலத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் சுமார் 49 கோடி ரூபாய் செலவில் பயோமைனிங் வேலையைத் தொடங்கினார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, வேலை நம்ம பாட்டிமார்கள் அரிசி புடைத்ததுதான். மேட்டைத் தோண்டி, கிளறி, காயவைத்து, ராட்சதச் சல்லடையில் சலிப்பது. மண் தனி, கல் தனி, எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் தனி. எரியக்கூடியது சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும். நல்ல வேலை. செய்யத்தான் வேண்டும்.

ஆனால் அந்த 49 கோடி யாருடைய பணம்? உங்கள் பணம், என் பணம். வாழ்க்கையில் டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்க்காத பூக்காரம்மா தீப்பெட்டி வாங்கும்போது கட்டிய வரியும் அதில் இருக்கிறது. பந்து விற்ற கம்பெனியின் பணம் அதில் பத்துப் பைசா இருக்கிறதா? சிப்ஸ் விற்றவன், செருப்பு விற்றவன், தெர்மாகோல் விற்றவன்? லாபம் தனியாருக்கு, குப்பை மட்டும் பொதுவுக்கு. எந்த ஆடிட்டராவது இந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுவாரா?

* * *

அதனால் என் கோரிக்கை ரொம்ப எளிமையானது. விற்றவன் திரும்ப வாங்க வேண்டும்.

இது ஒன்றும் புரட்சி இல்லை. ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிற தத்துவம்தான். 2022-ல் மத்திய அரசு டயர் தயாரிப்பாளர்களுக்கு விதி போட்டது. தேய்ந்த டயரை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உங்களுடையது என்று. பேட்டரிக்கும் அதே வருஷம் விதி வந்தது. லாரி டயரும் ரப்பர், டென்னிஸ் பந்தும் ரப்பர். டயருக்கு ஒரு நியாயம், பந்துக்கு ஒரு நியாயமா? பந்தில் ஆரம்பித்து ஷூ, மட்டை, ஷட்டில்காக் டப்பா என்று விளையாட்டுச் சாமான் அத்தனைக்கும் இதைக் கொண்டுவரலாம்.

இங்கே மூன்று ஆட்சேபணைகள் வரும். வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

ஒன்று, விலை ஏறும். ஏறட்டும். பந்துக்குப் பத்து ரூபாய் டெபாசிட் வையுங்கள். செத்த பந்தைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். மாதச் சந்தாவும், ஷூவும், மட்டை நரம்பும் வாங்க முடிகிறவனுக்கு இது பெரிய தொகை இல்லை. தெருப் பையன் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தால் அவனுக்குப் பத்து ரூபாய். பழைய பேப்பர் கடைக்காரரும் அப்போது பையைத் திருப்பிக் கொடுக்க மாட்டார். அவருக்கு வேண்டியது உபதேசம் இல்லை, எடைக்கு ஒரு விலை.

இரண்டு, நம்ம ஜனங்க திருப்பிக் கொடுக்க மாட்டாங்க சார். இதைக் கேட்டால்தான் எனக்குச் சிரிப்பு வரும். யானைகள் காலில் கண்ணாடி குத்துகிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு, 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. அப்புறம் வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். ராத்திரி குடித்துவிட்டு, சட்டை பட்டன் எது என்று தெரியாத நிலையில் இருக்கிற ஆளே பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கிறார். விடியற்காலையில் அருகம்புல் ஜூஸ் குடித்துவிட்டு, வெள்ளை டிரஸ் போட்டு ஆட வருகிற கனவான்களால் மூன்று பந்தைத் திருப்பிக் கொடுக்க முடியாதா?

மூன்று, இதெல்லாம் தனிமனித ஒழுக்கம், நீ முதலில் வீட்டுக் குப்பையைப் பிரி. பிரிக்கத்தான் வேண்டும். 2017-லிருந்து திருச்சி வீடு வீடாகப் பிரித்து வாங்க ஆரம்பித்தது. நுண்ணுர மையங்கள் வந்தன. பிரிக்காமல் கொட்டுகிறவரை நான் திட்டத் தயார். ஏனென்றால் அவர் பிரிக்காததை ஒரு பெண் தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்கிறார். ஆனால் பாருங்கள், பிரித்த பிறகு மக்காத குப்பைக் கூடையில் விழுகிற பந்தை நான் என்ன செய்வது? வாங்க ஆளில்லை. என் ஒழுக்கம் கூடை வரைக்கும்தான் செல்லுபடியாகும். அதற்கு அப்பால் சட்டம் வர வேண்டும். தயாரித்தவனை விட்டுவிட்டு உபயோகித்தவனுக்கு மட்டும் ஒழுக்கம் போதிப்பது, ஆற்றில் சாயத்தைத் திறந்துவிட்ட ஆலைக்காரன் கரையில் நின்று, 'தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க' என்று அறிவுரை சொல்வது மாதிரி.

* * *

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. டென்னிஸ் ஆடுகிறவர்கள் செய்யக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன.

பயிற்சிக்கு காற்று அடைக்காத பந்தை வாங்கலாம். குதிப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் உழைக்கும். வாரக் கடைசியில் வியர்வை சிந்த ஆடுகிற நமக்கு அது தாராளமாகப் போதும். நாம் ஒன்றும் ஃபெடரர் இல்லை. என் பேக்ஹேண்டைப் பார்த்தவர்கள் இதை உறுதிப்படுத்துவார்கள்.

போட்டி நடத்துகிறவர்கள் பந்து வாங்கும்போது, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். 'ஆடிய பந்துகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.' ஆயிரக்கணக்கில் ஆர்டர் போடுகிறவர் கேட்டால், கம்பெனி மறுக்கத் தயங்கும். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஐம்பது கிளப் சேர்ந்து கேட்டால் டெம்போ அனுப்புவார்கள்.

நான் என் கிளப்பில் கேட்டேன். செயற்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பச்சை டிரம் எங்கே போகிறது என்பதற்கு எழுத்துமூலம் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த அம்புகளை அழித்துவிடுங்கள் என்று. ஒரு மாதம் கழித்து டிரம்மின் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். அம்புகள் இல்லை. 'குப்பை' என்று மட்டும் எழுதியிருந்தது.

மார்க்கர் சிரித்தார். "என்ன சார், இதுக்கா இவ்வளவு போராட்டம்?"

"ஆமாண்ணே. இப்பத்தான் உண்மையை எழுதியிருக்காங்க" என்றேன். பொய்யான பச்சையை விட உண்மையான குப்பை மேல். அங்கிருந்துதான் அடுத்த கடிதத்தை ஆரம்பிக்க முடியும். ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை பந்து விற்கிறவர்களுக்கு.

டென்னிஸில் ஒரு விதி இருக்கிறது. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் 'அவுட்'. அதற்கப்புறம் அந்தப் பந்தைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். நாம் நம் வீட்டு வாசற்படியையும் அப்படி ஒரு கோடாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோட்டைத் தாண்டிவிட்டால் நம் பாயின்ட் முடிந்தது என்று.

அடுத்த முறை தஞ்சாவூர் பஸ்ஸில் போகும்போது அரியமங்கலத்தில் உங்கள் கை தானாக ஜன்னல் கண்ணாடிக்குப் போனால், ஒரே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பாருங்கள். நீங்கள் சின்ன வயதில் தொலைத்த பந்தும் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது. இன்னும் மக்கவில்லை.